முழங்காலில் ஏறிய கரண்ட்

என் முழங்கால்களைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

முப்பத்திரண்டு வருடம் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு மின்சார ரயிலில் போய் வந்தவன் நான். காலையில் வாக்கிங் போக வசந்தா கூப்பிடும்போதெல்லாம், "ரிட்டயர் ஆகட்டும், தினமும் சேர்ந்தே போகலாம்" என்பேன். ரிட்டயர் ஆனேன். அதே வருடம் இரண்டு முழங்கால்களும் ரிட்டயர் ஆகிவிட்டன. எலும்புத் தேய்மானம் என்றார் டாக்டர்.

வசந்தா தனியாகவே நடக்கப் போனாள். மாடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஏரிக்கரை. திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, கூட நடப்பவர்களின் கதைகளைச் சொல்வாள். அவற்றில் வருகிற பெயர்கள் எதுவும் எனக்குத் தெரியாது. யாரோ சொன்ன ஜோக்குக்கு அவள் மறுபடியும் சிரிப்பாள். நான் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த ஜோக்கை அவள் பக்கத்தில் நடந்தபடி கேட்டிருக்கலாமே என்று ஏங்குவேன். (வெளியில் சொன்னதில்லை. ஆண்பிள்ளை ரோஷம்.)

அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் சேலையூரில் ஒரு பிசியோதெரபி சென்டரில் சேர்ந்தேன். முழங்காலைச் சுற்றி பெல்ட் கட்டி, அதன் வழியாகக் காந்த அலை அனுப்பும் மெஷின். தெரபிஸ்ட் ரம்யா முதல் நாளே தெளிவாகச் சொன்னாள்.

"சிலருக்கு வலி கொஞ்சம் குறையும் சார், சிலருக்கு ஒண்ணும் தெரியாது. எக்ஸர்சைஸ்தான் முக்கியம். மெஷின் ஓடும்போது சூடு, ஷாக் எதுவும் இருக்காது."

நான் "குறையும்" என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

நாலாவது நாள். ரம்யா பெல்ட்டைக் கட்டி பட்டனை அழுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். கண்ணை மூடிக்கொண்டேன். சற்று நேரத்தில் ஆரம்பித்தது. முட்டிக்குள் இதமான சூடு. அப்புறம் ஜிவ்வென்று ஒன்று தொடை வரை ஏறியது. அரை மணி நேரம் அப்படியே கிடந்தேன். எழுந்து நின்றால் வலியே இல்லை.

வெளியே தோள்வலிக்காகக் காத்திருந்த ஸ்டெல்லா டீச்சரிடம் கொட்டித் தீர்த்தேன். "கரண்ட் ஏர்றது அப்படியே தெரியுது டீச்சர். பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு."

"சர்ச்ல சாட்சி சொல்ற மாதிரியே சொல்றீங்க சார்" என்றார் அவர்.

பின்னாலிருந்து ரம்யா "சார், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை வசந்தா கிளம்பும்போது நானும் ஷூவோடு வாசலில் நின்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் எழுத முடியாது. ஏரியைச் சுற்றிப் பாதி தூரம் ராஜா மாதிரி நடந்தேன். அந்தப் பெயர்களுக்கெல்லாம் முகம் கிடைத்தது. ஒரு ஜோக்குக்கு எல்லோருக்கும் முன்னால் சிரித்துக்கூட விட்டேன். அப்புறம் வலது முட்டி பூட்டிக்கொண்டது. அதற்குத் துணையாக இடதும். தரையில் உட்கார்ந்தவன் எழவில்லை. ஆட்டோ வராத கரை அது.

குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி வந்தது. ஓட்டி வந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், இங்க குந்திக்கினு கீற? பின்னால ஏறிக்கோ. மக்குறதுக்கும் மக்காததுக்கும் நடுவுல எடம் கீது."

அந்த இரண்டு தொட்டிகளுக்கும் இடையில் உட்கார்ந்து, தெருவே பார்க்க வீடு வந்து சேர்ந்தேன். வசந்தா வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சாயங்காலம் அவளே ஆட்டோ பிடித்து என்னை சென்டருக்கு அழைத்துப் போனாள்.

"நேத்து அவ்வளவு நல்லா வேலை செஞ்ச மெஷின் இன்னைக்கு ஏம்மா கைவிட்டுடுச்சு?" என்று ரம்யாவைக் கேட்டேன்.

அவள் தயங்கினாள். "நேத்து நான் பட்டன் போட்டதுமே கரண்ட் போயிடுச்சு சார். ஃபேன், லைட் மட்டும்தான் இன்வர்ட்டர்ல ஓடும். மெஷின் ஓடவே இல்ல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஸ்டெல்லா டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய வலிக்கிற தோள் குலுங்கியது.

வசந்தா அப்போதும் சிரிக்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போதுதான் கேட்டாள். "என்கூட நடக்கணும்னு இவ்வளவு ஆசையா? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

இப்போது மெஷின் இல்லை, எக்ஸர்சைஸ் மட்டும். ஏரிக்கரையின் முதல் பெஞ்சு வரை அவளோடு நடக்கிறேன். அதற்கு மேல் அவள் போகிறாள். ஏரியைச் சுற்றிவிட்டு வரும் அவள் தலை கரை வளைவில் மறுபடி தெரிகிற வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் வீட்டில் கரண்ட் போனால் போதும், என் மகள் ஆரம்பித்துவிடுவாள். "அப்பா, முட்டிக்குள்ள ஏறுதா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். சிரித்துக்கொண்டே, யாருக்கும் தெரியாமல், ஒருமுறை காலை நீட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.