தண்ணி லோரி பறந்த கதை

உலகத்தைக் காப்பாற்றப் போகிற அவசரத்திலும், வழியில் டிராபிக் லைட் சிவப்பாக இருந்தால் நின்று, பச்சை விழுந்த பிறகே போய்க் காப்பாற்றிய சூப்பர் ஹீரோ இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் சுங்கைப் பட்டாணியில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சூப்பர் ஹீரோவில் பாதி நான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தப் பாதி என்பது பின்னால் வரும்.

அவர் பெயரை அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் தண்ணி லோரி. செமிலிங் பக்கம் வீடு. குழாயில் காற்று மட்டும் வருகிற நாள்களில் தோட்டம் தோட்டமாகப் போய்த் தண்ணீர் ஊற்றுகிற லோரியை முப்பது வருடம் ஓட்டியவர். அவருக்குத்தான், ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டும் குடிக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். சிறுநீரகம் போனவர்களுக்கு அதுதான் சட்டம். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கி, காலை வீங்க வைத்து, பிறகு நெஞ்சுக்கு ஏறும்.

எனக்கும் அதே சட்டம்தான். நான் பீடோங்கில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மதியம் நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் படுத்து, இரத்தம் குழாய் வழியே மெஷினுக்குப் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரம்பத்தில் நான் யாரிடமும் பேசவில்லை. போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு, செத்துப்போனால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அங்கே ஒரு நாற்காலி காலியானால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அடுத்த வாரம் புது ஆள் வந்து உட்காருவார்.

போர்வைக்குள் இருந்தாலும் காது கேட்குமே. ஒவ்வொரு தடவையும் அவர் எடை பார்க்கிற சடங்கு காதில் விழும். போன தடவைக்குப் பிறகு தண்ணீரால் இரண்டு கிலோ ஏறியிருந்தால் சரி, இவருக்கு நான்கு ஏறியிருக்கும். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். மிஸ்ஸி மலாயில் திட்டுவார். இவர் ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சட்டம் பேசுவார். தர்ப்பூசணி பழம்தானே, அது எப்படித் தண்ணீர் ஆகும்? ஐஸ் கட்டியைக் கடித்துத்தான் தின்றாராம், குடிக்கவே இல்லையாம். ரசம் சோற்றோடு போனதால் அது சோற்றுக் கணக்காம். நாடாளுமன்றத்துக்குப் போயிருக்க வேண்டிய மனிதர்.

ஜோகூரில் இருக்கிற மகள், அப்பா படம் பார்க்கட்டும் என்று ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்தாள். அவர் படம் பார்க்கவில்லை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் இணையத்தில் ஒன்றாகச் சேர்ந்து சூப்பர் ஹீரோவாக வேஷம் கட்டி ஆடுகிற ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் ஒரு சங்கடம். அதை ஆட இரண்டு கை வேண்டும். இடது கை கீபோர்டில் இருந்தால் ஆள் நடப்பான், ஓடுவான். வலது கை மௌசில் இருந்தால் திரும்புவான், அடிப்பான். தண்ணி லோரி அண்ணனுக்கு இடது கையில் ஊசி குத்தியிருக்கும், அதை அசைக்கக்கூடாது. ஆகவே அவருடைய ஹீரோ நின்ற இடத்திலேயே நின்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் காற்றைக் குத்திக்கொண்டிருந்தான்.

எனக்கு இடது கைப் பழக்கம். பிழைப்புக்கு அந்தக் கை வேண்டும் என்று டாக்டரிடம் கெஞ்சி, ஊசியை வலது கையில் வாங்கிக்கொண்டவள். அண்ணன் இதை எத்தனை நாளாகக் கவனித்தாரோ தெரியாது.

"தங்கச்சி, ஒங்க கை சும்மாதானே கெடக்குது? கொஞ்சம் குடுங்க லா. இவன் நடக்கணும்."

வாயை மூடுவார் என்பதற்காகத்தான் கையைப் போர்வைக்கு வெளியே நீட்டினேன். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை. அதன் அந்தப் பக்கம் அவருடைய வலது கை, இந்தப் பக்கம் என்னுடைய இடது கை. நான் நடத்தினேன், அவர் திருப்பினார். முதல் நாள் எங்கள் ஹீரோ ஒரு சுவரில் முட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓடினான்.

விளையாட்டுக்குள் இருந்த அந்த ஊரைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். இத்தனை அழகில்லாத அலங்காரத்தை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. ஆகாயம் முழுக்க ஆள்கள் பறக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே தாடை, ஒரே இடுப்பு, மூச்சு விட முடியாத உடுப்பு. ஒரு பெண் தீப்பிடித்த தலைமுடியோடு பச்சை உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கடந்து போனாள். அண்ணனின் ஹீரோவோ மொட்டைத் தலையும் சாம்பல் உடுப்புமாக நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. வேஷத்தை மாற்றுகிற பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அந்த ஒரு வேலைக்கே மூன்று நாள், பன்னிரண்டு மணி நேரம் போனது. மீசை வேண்டும் என்றார், வைத்தேன். தொப்பையை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளச் சொன்னார், தள்ளினேன். காக்கி அரைக்கால் சட்டை கிடைத்தது. சிலிப்பர் மட்டும் அந்த ஊரில் இல்லை. கடைசியில் என்ன சக்தி வேண்டும் என்று கேட்டது. நெருப்பு, மின்னல், இரும்பு எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் யோசிக்கவே இல்லை, தண்ணீரை அமுக்கினார். இரண்டு உள்ளங்கையிலும் நீர் பீய்ச்சி அடிக்கிற ஹீரோ. அடிக்க அடிக்கத் தீராத தண்ணீர். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தெருவில் இறங்கியதும்தான் தெரிந்தது, இவர் லோரியைவிட்டு இன்னும் இறங்கவில்லை என்று. ஐந்து பேர் சேர்ந்து ஒரு ராட்சதனை மடக்கப் போவோம். நான் ஓட்டுவேன், திடீரென்று நிறுத்தச் சொல்வார்.

"என்னண்ணே?"

"லம்பு மேரா லா. எப்படிப் போறது?"

மேலே விளக்கு சிவப்பாக இருக்கும். அந்த ஊரில் அதை யாரும் மதிப்பதில்லை, அது வெறும் அலங்காரம் என்று எவ்வளவோ சொன்னேன். முப்பது வருடத்தில் ஒரு சம்மன் வாங்கியதில்லை, இப்போதா வாங்குவேன் என்றார். அதற்குள் ராட்சதன் மற்ற நான்கு பேரையும் துவைத்திருப்பான். எங்கோ வெளிநாட்டில் இருந்த ஒருவன் இங்கிலீஷில் கெட்ட வார்த்தை அனுப்புவான். இவர் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, மன்னிக்கவும், சிவப்பு, என்று பதில் போடுவார்.

இருபதாவது படிக்கு ஏறினால் பறக்கலாம் என்று அந்த விளையாட்டில் ஒரு விதி. அண்ணனுக்கு அது ஒன்றுதான் ஆசை. எனக்கோ, செவ்வாய்க்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிற வியாதி புதிதாக வந்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பதினோராவது படியில் இருந்தபோது அவர் வரவில்லை. மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆறு கிலோ தண்ணீர். ஒரு வாரம் கழித்து வந்தபோது முகம் ஊதியிருந்தது. இதயம் தளர்ந்துவிட்டது, இன்னொரு தடவை இப்படி ஏறினால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு அண்ணன் லேப்டாப்பைத் திறந்தார். எனக்கு வந்த கோபத்தில் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ரெண்டு கிலோவுக்கு மேல ஏறுனா இந்தக் கை கெடையாதுண்ணே. நீங்களே ஆடிக்குங்க."

சிரித்தார். வியாழன் மூன்றரை ஏறியிருந்தது. நான் கையைக் கொடுக்கவில்லை. நான்கு மணி நேரம் தொப்பைக்காரன் நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடித்தான். அடுத்த தடவை மூன்று. அப்போதும் கொடுக்கவில்லை. என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை எடை மெஷினில் ஏறியவர், ஒன்று புள்ளி ஒன்பது என்று நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். மூன்று வருடமாகத் திட்டிப் பார்த்துத் தோற்ற மிஸ்ஸி என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

அதன்பிறகு மூன்று மாதம் அவர் இரண்டு கிலோவைத் தாண்டவே இல்லை. உதடு வெடித்திருக்கும். பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் தாண்டவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இருபதாவது படி ஏறினோம். நான் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தேன், அவர் மெதுவாக மௌசைத் தூக்கினார். காக்கிச் சட்டையும் தொப்பையுமாக எங்கள் ஆள் தரையைவிட்டுக் கிளம்பினான். கட்டடம் எல்லாம் கீழே போய்விட்டது. ஊர் முடிகிற இடத்தில் கடல் இருந்தது. அதன் மேல் ரொம்ப நேரம் பறந்தோம், அவர் திருப்பவே இல்லை. நானும் அழுத்திய விரலை எடுக்கவில்லை.

"இவ்ளோ தண்ணி," என்றார். பிறகு, "இருக்கட்டும் லா, இவனுக்குத் தாகம் இல்ல," என்றார்.

திரும்பி ஊருக்குள் வரும்போது, அத்தனை உயரத்திலும் கீழே இருந்த விளக்கு அவர் கண்ணில் பட்டுவிட்டது. பறந்துகொண்டிருந்தவனைத் தரைக்கு இறக்கி, கோட்டுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். அதற்குள் மெஷினும் நேரம் முடிந்தது என்று கூவியது. செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை நாற்காலி காலியாக இருந்தது. மிஸ்ஸி என் பக்கம் பார்க்காமல் ஊசியைக் குத்தினார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் செமிலிங் போனேன். அவர் உடலை வீட்டு வாசலில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். அதைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். அந்த மனிதரைக் கடைசி மூன்று மாதம் தாகத்தோடு வைத்திருந்தவள் நான்தான். அதை அவர் மனைவியிடம் வாய்விட்டே சொல்லி அழுதேன்.

அந்த அக்கா என்னை உள்ளே கூட்டிப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். அரை லிட்டர் போத்தல் ஒன்று, பாதி தண்ணீரோடு இருந்தது.

"தெனமும் இப்படித்தான், பாதிய வச்சிருவாரு. முழுசும் குடிச்சா தங்கச்சி கை குடுக்காதும்மான்னு சொல்வாரு," என்றார். "முன்னெல்லாம் மூச்சு முட்டும்னு ஒக்காந்துகிட்டேதான் தூங்குவாரு. இந்த மூணு மாசந்தான் என் பக்கத்துல படுத்துத் தூங்குனாரு."

புறப்படும்போது லேப்டாப்பை என் கையில் வைத்தார். வேண்டாம் என்றேன்.

"பாதி ஒங்களுதுதானே," என்றார்.

பக்கத்து நாற்காலிக்குப் புது ஆள் வந்துவிட்டார். கரங்கானிலிருந்து வருகிறார், போர்வையை முகம்வரை இழுத்துப் படுத்திருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் சிறிது நேரம் லேப்டாப்பைத் திறந்து வைக்கிறேன். என் ஒரு கையால் எங்கள் ஆளை நடத்த மட்டும்தான் முடியும். அடிக்க முடியாது, திரும்ப முடியாது. நேராகப் போகிற ஒரே தெருவில் நடத்திக்கொண்டு போவேன். பின்னால் வருகிறவர்கள் மேலே ஏறிக் குதித்துப் போகிறார்கள், திட்டுகிறார்கள். திட்டட்டும். விளக்கு சிவப்பாக இருந்தால் நான் நின்றுவிடுகிறேன்.