வெண்டலின் இடது முட்டி

வெண்டல் பக்கத்து வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். காலில் ஓட்டத்துக்கான ஷூ. நாக்கு வெளியே தொங்காத குறை. சாயங்காலம் வர வேண்டிய பெண்டாட்டி லூசெட்டின் கார் காலை பத்து மணிக்கே தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

இதில் கேவலம் என்னவென்றால், இடது முட்டி மடங்கவே மடங்காது என்று போன வாரம்தான் அவளிடம் அழாத குறையாகச் சொல்லியிருந்தான்.

"என்னய்யா வெண்டல்?" விறகின் சொந்தக்காரர் எல்டன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "முட்டி மடங்கலன்னு லூசெட் சொன்னா. நீ என்னடான்னா அடைகாக்கற கோழி மாதிரி உக்காந்திருக்கே?"

"மெதுவா பேசுய்யா!"

"மெதுவாத்தான் பேசறேன். அவ கார் கண்ணாடிய இறக்கி விட்டுட்டு வர்றா."

வெண்டல் இன்னும் மடங்கினான்.

"அடேயப்பா, இந்த மடக்கு மடக்கினா எனக்கே வலிக்கும்" என்றார் எல்டன்.

எல்லாம் இலையால் வந்த வினை. வெண்டல் வீட்டைச் சுற்றி ஐந்து மேப்பிள் மரம். அக்டோபரில் ஐந்தும் சேர்ந்து தலையை மொட்டையடித்துக்கொள்ளும். முடி விழுவதெல்லாம் வெண்டல் வாசலில். நகராட்சியின் இலை வண்டி ஒரே ஒரு தடவைதான் வரும். அதற்குள் வாரிச் சாலையோரம் குவிக்க வேண்டும். குவிக்காவிட்டால் மேலே பனி மூடும், அடியில் புல் அழுகும், வசந்தத்தில் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு வெண்டல் பெயரைச் சொல்லும். அதனால் வருஷா வருஷம் லூசெட் இலைவாரியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுப்பாள். இந்த வருஷம் கொடுத்த நிமிஷமே அவனுக்கு முட்டி போய்விட்டது.

சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். ஓடச் சொன்னால் பத்து மைல் ஓடுவான். அமெரிக்காவில் இந்த வெர்மாண்ட் பக்கம் கோடையில் ஓடினால் கொசு வாய்க்குள் போகும். குளிர்காலத்தில் ஓடினால் பனியில் வழுக்கி இடுப்பு போகும். வசந்தத்தில் சேறு ஷூவைக் கழற்றி வைத்துக்கொள்ளும். இலை உதிரும் அந்த மூன்று வாரம்தான் மனுஷன் ஓடுகிற காலம். காற்று அப்போதுதான் கடித்த ஆப்பிள் மாதிரி இருக்கும். காலடியில் இலை அப்பளமாக நொறுங்கும். எங்கேயோ விறகு புகையும். மூச்சு வெள்ளையாக முன்னால் போகும், நாம் பின்னால் போவோம். அந்த ஒரு மணி நேரம் வெண்டலை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். வருஷத்தில் அவனுக்கென்று இருந்தது அவ்வளவுதான். அதைப் போய் யாராவது இலை வாரிக் கழிப்பார்களா?

அவனுக்குப் பஸ் பணிமனையில் மத்தியான ஷிப்ட். லூசெட் பல் டாக்டரிடம் வேலைக்குக் கிளம்பியதும் பின்வாசல் வழியாகப் பிய்த்துக்கொண்டு போவான். இன்றைக்குத்தான் மாட்டினான்.

எல்டனின் வேலியைத் தாண்டி, சமையலறை வழியாக உள்ளே புகுந்து, ஷூவைச் சோபாவுக்கு அடியில் தள்ளி, உறைந்த பட்டாணிப் பையை முட்டியில் வைத்துக்கொண்டு முனகுவதற்கும், லூசெட் கதவைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது.

"எப்படியிருக்கு?"

"உயிர் போகுது."

"மூச்சு வாங்குதே?"

"வலியில வாங்குது."

அவள் அருகில் வந்தாள். அவன் தலைமுடியிலிருந்து சிவப்பு மேப்பிள் இலை ஒன்றை எடுத்தாள். கழுத்திலிருந்து இன்னொன்று. இரண்டையும் மேஜைமேல் வைத்தாள்.

"காத்து பலமா இருக்கு போல. சோபா வரைக்கும் இலை அடிச்சிருக்கு."

"ஆமா... ஜன்னல் திறந்திருந்துச்சு."

ஜன்னல் சாத்தியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்வி. இவன் சோறுகூட இல்லாமல் மறைத்தான்.

"பாவம்" என்றாள் லூசெட். "ஒரு வாரம் லீவு போட்டுட்டேன். உன்னைப் பாத்துக்கணும்ல?"

"எதுக்கு லீவெல்லாம்?"

"படி இறங்கக்கூடாது, வெண்டல். பணிமனைக்கும் சொல்லிட்டேன். அப்புறம் சனிக்கிழமை ஓட்டப் பந்தயத்துக்கு நீ பேர் குடுத்திருந்தியே, சட்டையில குத்திக்கற அந்த நம்பர் துணி வீணாப் போக வேணாம். நானே ஓடறேன்."

வெண்டல் சிரித்துவிட்டான். "நீயா? கார் வரைக்கும் நடக்கறதுக்கே திட்டுவியே!"

"அதான் பழகிக்கப் போறேன்."

மறுநாள் காலை ஓடினாள். முதல் நாள் செத்துப் பிழைத்து வந்தாள். இரண்டாம் நாள் இருமிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாள் கன்னம் சிவந்து, சிரித்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது வெண்டலுக்கு நரகம்.

"வெண்டல், கூரை போட்ட மூடுபாலத்துக்குள்ள ஓடினா நம்ம காலடியே நம்மளத் துரத்துதே, கேட்டிருக்கியா?"

"ம்."

"ஏரியில பாதி தூரத்துக்கு மரமெல்லாம் தலைகீழா எரியுது."

"தெரியும்."

"திரும்பற வழியில ஆப்பிள் தோட்டத்துல டோனட் சுட்டுக்கிட்டிருந்தாங்க. சூடு. நாலு தின்னேன்."

"எனக்கு?"

"படுத்தே கிடக்கறவன் டோனட் தின்னா உடம்பு ஊதிடும்பா."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கத்தவும் முடியாது, காலைத் தரையில் உதைக்கவும் முடியாது. உதைத்தால் முட்டி மடங்கும்.

இலையைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. அவனே கேட்டான். "இலை வண்டி வந்துடுமே?"

"வரட்டுமே. உன் முட்டிய விட இலையா பெருசு?"

மொத்தக் கல்யாண வாழ்க்கையில் அவள் இவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை. பயமாக இருந்தது. வண்டி வந்தது, போனது. வெண்டல் வாசலில் இலை கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மரங்கள் மொட்டையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மூன்று வாரத்தில் மிச்சமிருந்ததும் அவன் கண் முன்னாலேயே உதிர்ந்தது.

சனிக்கிழமை விடிந்தது. வானம் கண்ணாடி. புல்லில் உறைபனி. இதைவிட நல்ல நாள் இந்த வருஷம் வரப்போவதில்லை. லூசெட் வாசலில் குனிந்து ஷூ முடிச்சைப் போட்டாள். நிமிர்ந்து, கோட்டுப் பையிலிருந்து அவனுக்காக வாங்கியிருந்த இன்னொரு நம்பர் துணியை எடுத்தாள். அவன் மடியில் போட்டாள். சோபாவுக்கு அடியில் கையை விட்டு அவன் ஷூவை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

வெண்டல் இடது முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எல்டன் விறகுக்குப் பின்னால நீ உக்காந்திருந்ததப் பாத்தேன்" என்றாள். "அதுக்கு முன்னாடியும் ஏரிக்கரையில நீ ஓடறதப் பாத்தேன். உன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்த நம்ம வீட்டுல நான் பாத்ததே இல்ல. இலைய ஆள் வச்சு வாரிக்கறேன். ஏமாத்தினதுக்காகவும் கேக்கல. இத்தன வருஷமா தனியா அனுபவிச்சியே, ஒரு நாளாவது 'நீயும் வா'ன்னியா?"

அவன் ஷூவைப் பார்த்தான்.

"இப்ப நான் கூப்பிடறேன். 'பொய் சொன்னேன், நானும் வரேன்.' நாலே வார்த்தை. சொல்லு, போகலாம். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

எடுப்பாள். வெண்டலுக்குத் தெரியும். சாகும் வரை எடுப்பாள். கிறிஸ்துமஸ் விருந்தில் எடுப்பாள், அவன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்டனிடம் எடுப்பாள். எடுக்காமலும் இருக்கலாம். அது தெரியவில்லை.

"வலிக்குது லூசெட்" என்றான்.

அவள் கையுறையை மாட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கணுக்கால் ஆழ இலையில் அவள் ஓடிப்போகும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

நாலே வார்த்தை. சொல்லச் சொன்னாள். சொல்லவில்லை.