டேப்லெட்டுக்கு வைத்த சந்தனம்

வீட்டில் ஒருவருக்கு வைஃபை பாஸ்வேர்டை மாற்றத் தெரிந்துவிட்டால் போதும், மிக்சி ரிப்பேரிலிருந்து வங்கி ஆப் வரை எல்லாம் அவர் தலையில் வந்து விழும். எங்கள் வீட்டில் அந்தத் தலை என்னுடையது. விழுந்ததையெல்லாம் நான் பெருமை என்று நினைத்துக்கொண்டேன், அதுதான் கோளாறு.

என் தம்பி குமார் வளைகுடாவில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவன். ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து வீடாக்கினான். திற்பரப்பு அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது திட்டம். அருவியில் குளித்தவர்கள் மண்ணைக் கழுவ வண்டியின் பின்பக்கம் வெளியே ஒரு ஷவர்கூட உண்டு. அருமனையில் எங்கள் வீட்டு முன்னால் அது நின்றபோது தெருவே வந்து பார்த்தது.

"எதுக்குலே இத்தன சுவிட்ச்? அசிங்கமா கெடக்கு. எல்லாத்தையும் ஒரு டேப்லெட்ல கொண்டாறேன் பாரு," என்றேன்.

"ஒண்ணு ரெண்டு சுவிட்ச் கெடக்கட்டுமேக்கா."

"நீ சும்மா இரு மக்கா. அக்கா பாத்துக்கிடுகேன்."

வீடியோ வீடியோவாகப் பார்த்து, ஸ்டியரிங் பக்கத்தில் டேப்லெட்டைப் பொருத்தினேன். மேலே தொட்டியில் எவ்வளவு தண்ணீர், பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் என்று பெரிய பெரிய எண்கள். கீழே பொத்தான்கள்: விளக்கு, வெளி ஷவர், வண்டியின் பக்கவாட்டில் விரியும் வெயில் மறைப்பு. எல்லாம் வேலை செய்த குஷியில், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பழைய சுவிட்சுகளை ஒன்று விடாமல் கழற்ற வைத்தேன். (அந்த ஓட்டைகளை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டியதும் நானே. பூப்போட்ட ஸ்டிக்கர்.)

இதற்கிடையில் தம்பிக்கு வடசேரியில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணின் அப்பா காய்கறி மொத்த வியாபாரி. பெண்ணுக்கும் இவனுக்கும் பிடித்துவிட்டது, அவர்தான் இழுத்தார். "ஒரு வேன வச்சு எப்படி குடும்பம் நடத்துவாரு? வீடு பாக்க வரும்போ வண்டியையும் பாப்பேன். பொறவு சொல்லுகேன்," என்று சொல்லியனுப்பிவிட்டார். தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் வருகிற அன்று காலையில் அம்மா வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு, அடுப்புக்கு.

"எம்மா, வண்டிக்கு மூளையே இதாக்கும். இதுக்கு வைக்கலியா?" என்று கிண்ணத்தைப் பிடுங்கினேன். மேலே வரும் எண்கள் மறைந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து, அணைந்திருந்த திரையின் கீழ்ப்பக்கமாக வரிசையாக வைத்தேன். பன்னீரில் குழைத்த, ஈரம் சொட்டுகிற சந்தனம். தொடுதிரைக்கு ஈரமும் விரலும் ஒன்றுதான் என்பதை நான் பார்த்த வீடியோக்காரர் ஒருவரும் சொல்லவில்லை. (அவர்கள் ஊரில் டேப்லெட்டுக்குச் சந்தனம் வைக்கமாட்டார்கள் போல.)

பெண்ணின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. வண்டிக்குள் ஏறாமல் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பின்பக்கம் போய், அந்த ஷவருக்கு நேர் கீழே நின்று எதையோ ஆராய்ந்தார்.

"எக்கா, ஆன் பண்ணிக் காட்டு," என்று தம்பி கிசுகிசுத்தான்.

திரையை எழுப்பினேன். அவ்வளவுதான். பின்னாலிருந்து சொர்ரென்று ஒரு சத்தம்.

"ஏ... ஏ... வெள்ளம்! வெள்ளம்!" என்று பெண்ணின் அப்பா அலறினார். எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.

ஷவர் பொத்தானை அழுத்தினேன். சந்தனம் முந்திக்கொண்டு அழுத்தும்போது என் விரலை அது எங்கே மதிக்கும்? பதறிப்போய் முந்தானையால் தேய்த்துத் துடைத்தேன். துடைத்த துடைப்பில் விளக்கெல்லாம் எரிந்தது. வெயில் மறைப்பு விரிந்து வந்து, தப்பித்துப் பக்கவாட்டுக்கு ஓடி வந்த மனுஷன் தலையில் முட்டியது. சுவிட்சைத் தேடிக் கை போன இடமெல்லாம் பூ.

"ஏட்டி, நிறுத்துட்டி!"

"நிக்க மாட்டேங்குதும்மா!"

தம்பி சீட்டுக்கு அடியில் பாய்ந்து பேட்டரி வயரைப் பிடுங்கினான். எல்லாம் அடங்கியது. என்னால் அவன் கல்யாணம் நின்றுவிட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா நீட்டிய துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பெண்ணின் அப்பா கேட்டார்.

"வெள்ளத்துக்கு நல்ல ஃபோர்ஸ் இருக்கு. பம்பு யாரு மாட்டினா?"

"நான்தான் மாமா."

"அந்தக் கண்ணாடிப் பலக?"

தம்பி என்னைப் பார்த்தான். "அதுவும்... நான்தான் மாமா."

அவர் சந்தனம் அப்பிக் கிடந்த என் முந்தானையைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"பொய் சொல்லுகான். ஆனா கூடப்பொறந்தவளுக்காகச் சொல்லுகான். நல்ல நாள் பாருங்க, கல்யாணத்த வச்சிருவோம். அதுக்கு முன்ன நல்லதா நாலு சுவிட்ச மாட்டுங்க."

சுவிட்சுகள் திரும்ப வந்துவிட்டன. டேப்லெட்டில் வாடகைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள்.

கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கும் வேலை, மாப்பிள்ளையின் அக்கா என்பதால் எனக்கு. சம்பந்தி வீட்டார் வந்தார்கள். நான் பன்னீர்ச் செம்பைத் தூக்கியதுதான் தாமதம், முன்னால் வந்த பெண்ணின் அப்பா கக்கத்திலிருந்த குடையை எடுத்துப் பட்டென்று விரித்தார்.

"எனக்கு நீ அன்னைக்கே தெளிச்சாச்சு மக்களே. பின்னால வாறவங்களுக்குத் தெளி."

இன்றைக்கும் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷம் என்றாலும், நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தால் யாராவது ஒருவர் குடையைத் தேடுகிறார்.