கோல்டு மெம்பரும் கடைசி அறையும்

பேய் உண்டா இல்லையா என்று யாராவது பகலில் கேட்டால் இல்லை என்பேன். இருட்டிய பிறகு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த லட்சணத்தில் ஒருநாள், "எனக்கு அந்த மாதிரி மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது அங்கிள், நான் எஞ்சினியர்" என்று போனில் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். நடந்த அத்தனை கூத்துக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

போனில் இருந்தவர் ரீத்தாவின் அப்பா. ரீத்தா பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்து வெகுநாளாகியும் அவர் பிடிகொடுக்கவில்லை. அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம், நாங்கள் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிற குடும்பம். அந்தோணி அங்கிள் சிரம்பானில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேய்க்கதை சொன்ன பையன்களை வெயிலில் நிற்க வைத்தவர். கடைசியில், "சாமி வேற வேறயா இருந்தா பரவால்ல. பையனுக்கு மூளை இருக்கான்னு நேர்ல வந்து பார்க்கிறேன். அப்புறம் சொல்றேன்" என்று இறங்கி வந்தார்.

ரீத்தா என்னை எச்சரித்தாள். "குணா, அப்பாவுக்கு இந்தப் பேய், மந்திரம், எலுமிச்சம்பழம் எதுவும் ஆகாது லா. உங்க அக்காவ மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ. இது சொதப்பினா மறுபடியும் அவரை கிளப்பி கூட்டிட்டு வர என்னால முடியாது."

வசந்தா அக்காதான் எங்கள் வீட்டுக்குப் பெரியவர். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர். அவர் கைப்பையில் பணம் இல்லாமல் இருக்கும், விபூதி இல்லாமல் இருக்காது. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அந்த வாரம் லிஃப்ட் பழுது. முழங்கால் வலிக்காரரான அங்கிளை அத்தனை படி ஏறவிட்டால் சம்பந்தம் பாதிப் படியிலேயே முறிந்துவிடும். அப்போதுதான் எனக்குள் இருந்த கோல்டு மெம்பர் கண் விழித்தான்.

வேலை விஷயமாக ஷா ஆலம், ஜொகூர் என்று அலைகிறவன் நான். போகிற ஊரிலெல்லாம் ஒரே பெரிய ஹோட்டலின் கிளைகளில் தங்கித் தங்கி, ஒருநாள் அவர்களுடைய செயலி என்னைக் கோல்டு மெம்பர் என்று அறிவித்தது. (வீட்டில் குப்பை கொட்ட அனுப்பப்படுகிறவன் நான். அங்கே குளிர்ந்த துண்டு கொடுத்து, பேர் சொல்லி வரவேற்பார்கள். மயங்காமல் என்ன செய்வது?) அதே ஹோட்டலின் ஜார்ஜ்டவுன் கிளையில் இரண்டு அறை போட்டேன். ஒன்று அங்கிளுக்கும் ரீத்தாவுக்கும், இன்னொன்று எனக்கும் அக்காவுக்கும். மரியாதைக்கு வேறு வேறு மாடியில் கேட்டிருந்தேன். கோல்டு மெம்பருக்கு வரவேற்பு மேசைப் பக்கமே போகத் தேவையில்லை, போனே கதவைத் திறக்கும். அங்கிள் அறையின் சாவியை ரீத்தாவின் போனுக்கு அனுப்பினேன். அவர்கள் வரும் நாள் காலை செயலி, "உங்களுக்குச் சிறப்புச் சலுகை, கடல் தெரியும் மூலை அறை, சம்மதமா?" என்று கேட்டது. முழுதும் படிக்காமல் அமுக்கினேன்.

அவர்கள் ரயில் மாலை மங்கும் நேரத்துக்குத்தான் பட்டர்வொர்த் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் அக்காவும் மதியமே போய்விட்டோம். கடல் மேல் மழை கறுத்துக்கொண்டு நின்றது. பினாங்கில் நான்கு என்றால் சாவு என்று சீனர்கள் அஞ்சுவதால் லிஃப்டில் நாலாம் எண் கிடையாது. மூன்றுக்குப் பிறகு 3ஏ. பதின்மூன்றுக்குப் பிறகு 13ஏ. எங்கள் அறை அந்த 13ஏ மாடியில்.

லிஃப்ட் கதவு திறந்ததும் நீளமான நடைபாதை. தரைவிரிப்பு தடிமனாக இருந்ததால் நாங்கள் நடப்பது எங்களுக்கே கேட்கவில்லை. நாங்கள் போகப் போக விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆள் அரவமே இல்லை. அறை எண்ணைத் தேடிக்கொண்டே போனால், அது நடைபாதையின் கோடியில் இருந்தது.

அக்கா நின்றுவிட்டார். "கடைசி ரூமா? டேய், யாராச்சும் கடைசி ரூம்ல படுப்பாங்களாடா?"

மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஹோட்டலில் கோடி அறையை எடுக்கக் கூடாது. எந்த அறையானாலும் நுழையும் முன் கதவைத் தட்டி, உள்ளே இருக்கிறவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

"இது சலுகை, அக்கா. கோல்டு மெம்பருக்கு மட்டும்தான் குடுப்பாங்க," என்றேன்.

"ஆமா, வேற எவனும் எடுக்கமாட்டான், அதான் ஒனக்குக் குடுத்திருக்கான்," என்றபடி அக்கா கதவை மூன்று முறை தட்டினார். "கொஞ்ச நேரம் தங்கிட்டுப் போறோம், எடம் குடுங்க."

உள்ளேயிருந்து மெதுவாக மூன்று தட்டு கேட்டது.

பைப் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடிவிடலாம் என்று அக்காவைப் பார்த்தால், அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். "பதில் வந்திருச்சு. அனுமதி கெடச்சிருச்சு. போலாம் வா." அவருடைய சட்டத்தில் அதற்கு மேல் கேள்வியில்லை. போனைக் காட்டிக் கதவைத் திறந்தது நான், முதலில் உள்ளே போனது அக்கா.

உள்ளே யாரும் இல்லை. குளிர்சாதனம் மட்டும் யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி தானாக எரிந்து, 'மீண்டும் வருக, திரு. குணசேகரன்' என்றது. நான் அந்தக் கிளைக்கு முன்பு வந்ததே இல்லை. அக்கா கழிவறையில் தண்ணீர் இழுத்துவிட்டார், நான் கழற்றிப்போட்ட சப்பாத்துக் காலணியில் ஒன்றை உள்பக்கமும் ஒன்றை வெளிப்பக்கமும் பார்க்கத் திருப்பிவைத்தார். பேய்க்கு வழி குழம்பவேண்டுமாம். பிறகுதான் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கதவைக் கண்டார். பக்கத்து அறைக்குப் போகும் நடுக்கதவு, பூட்டியிருந்தது.

"இதுக்கும் சொல்லிடணும்," என்று அதையும் மூன்று முறை தட்டினார்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு வந்தது. இந்த முறை பலமாக, கோபத்தோடு.

வரவேற்பு மேசைக்குப் போன் போட்டேன். தேவி என்ற பெண் எடுத்தாள். பக்கத்து அறையில் யார் என்று கேட்டேன். தட்டெழுதும் ஓசை கேட்டது.

"அந்த ரூம் கோசோங் சார். காலிதான். இன்னும் யாரும் செக்-இன் பண்ணல."

"உள்ள ஆள் இருக்கிற மாதிரி சத்தம் கேக்குதே?"

மறுபடி தட்டெழுதும் ஓசை. "சார் நீங்க எந்த ரூம்ல இருந்து பேசறீங்க? சிஸ்டத்துல உங்க ரூமும் கோசோங்னுதான் காட்டுது."

போனை வைத்தேன். என்னை நானே ஒருமுறை கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். வெளியே இடி இறங்கி, கண்ணாடி முழுக்க மழை அடித்தது. நாலு மணிக்கே அறை இருண்டுவிட்டது. அப்போது நடுக்கதவுக்கு அப்பால் ஒரு கிழட்டுக் குரல் முணுமுணுக்கத் தொடங்கியது. சொல் விளங்கவில்லை. ஆனால் ஒரே வரியை மறுபடி மறுபடி, ஏற்ற இறக்கமே இல்லாமல், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா போனில் முருகன் பாட்டைப் போட்டார். குரல் உயர்ந்தது. அக்கா பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். குரல் இன்னும் உயர்ந்தது. அப்புறம் சட்டென்று நின்றது. அந்த அமைதிதான் தாங்க முடியவில்லை. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். (வயது இருபத்தொன்பது. எஞ்சினியர்.)

"குணா," என்றார் அக்கா, "கீழ பாரு."

நடுக்கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மெல்லிய கோடாக, தரையில் நெளிந்து, நேராக என் காலை நோக்கி.

அதன் பிறகு மூடநம்பிக்கை இல்லாத எஞ்சினியர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெற்றி, கழுத்து, கை என்று இடம் விடாமல் விபூதி பூசிக்கொண்டேன். பழம் நறுக்க வைத்திருந்த கத்தியால் எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, பாதியைக் கையில் ஏந்தினேன். "அக்கா, சூடம் இருக்கா?" என்று கேட்டதும் நான்தான். அக்கா காப்பித் தட்டில் சூடத்தைக் குவித்துக் கொளுத்தினார். நான் அதை நடுக்கதவின் அடியில் வைத்து, ஹோட்டலின் உணவுப் பட்டியல் அட்டையால் புகையை அந்தப் பக்கம் விசிறினேன். அங்கே யாரோ இருமினார்கள். பேய் இருமுகிறதே என்று யோசிக்க வேண்டாமா? அதற்குள் கூரையில் இருந்த கருவி அலறத் தொடங்கியது.

மாடி முழுக்க அலாரம். விளக்குகள் சிவப்பாகச் சிமிட்டின. வெளியேறுங்கள் என்று எங்கிருந்தோ ஒரு குரல் சொன்னது. நான் கதவைத் திறந்து வெளியே பாய்ந்த அதே நொடியில் பக்கத்து அறைக் கதவும் திறந்தது.

அதிலிருந்து பேய் வந்தது. சாரோங், பனியன், கழுத்தில் செபமாலை, தலையெல்லாம் ஈரம். ஒரு கையில் மாதா சுரூபம் போல் செய்த, தீர்த்தம் காலியான புட்டி. நான் அலறினேன். பேயும் அலறியது. அதன் பிறகுதான் அந்த முகத்தை ரீத்தாவின் போனில் பார்த்திருக்கிறேன் என்பது உறைத்தது.

அந்தோணி அங்கிள் என் விபூதியைப் பார்த்தார். கையில் இருந்த குங்கும எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். நான் அவருடைய புட்டியைப் பார்த்தேன். அத்தனை மாடியும் படியில் இறங்கினோம். முழங்கால் வலிக்காரரை ஒரு பக்கம் நான் தாங்கினேன், மறுபக்கம் அக்கா. எனக்கு அழுகை வந்தது. ரீத்தாவை இழந்துவிட்டேன் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்துக்கொண்டேன்.

வாசலில் மழைக்கு ஒதுங்கி எல்லா விருந்தினரும் நின்றார்கள். தேவி குடையோடு ஓடிவந்து, "கோல்டு மெம்பர் மிஸ்டர் குணா, நீங்க ஓகேவா?" என்று ஊர் கேட்கக் கேட்டாள். போன் சாவியில் நுழைந்தவர்களை அன்று கணினி பதிவு செய்யவே இல்லையாம், அதனால்தான் இரண்டு அறையும் காலி என்று காட்டியதாம். கோல்டு மெம்பரின் குடும்பம் என்று எண்ணி, நான் படிக்காமல் அமுக்கிய அந்தச் சலுகையில் இரண்டு அறையையும் நடுக்கதவோடு சேர்த்துக் கொடுத்தார்களாம். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

அங்கிள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எங்களை ஒரு தூணோரம் ஒதுக்கினார். பிறகு மெல்லிய குரலில் தொடங்கினார்.

"தம்பி, பையன் தயாரா இல்லாதப்பத்தான் பார்க்கணும்னு முன்ன ரயில்லயே வந்துட்டேன். உனக்குச் சொல்லக்கூடாதுன்னு ரீத்தாகிட்டயும் சொல்லிட்டேன். அவ என்னை ரூம்ல விட்டுட்டு, மாத்துத் துணி எடுக்க இங்க அவ தங்கியிருக்கிற வீட்டுக்குப் போனா. கொஞ்ச நேரத்துல நடுக்கதவுல தட்டுற சத்தம். கீழ கேட்டா, பக்கத்து ரூம் காலிங்கறாங்க."

"எனக்கும் அதான் சொன்னாங்க அங்கிள்."

"முப்பது வருசம் வாத்தியார் வேலை பார்த்திருக்கேன். பேய் இல்ல, பேய் இல்லன்னு எத்தனை பிள்ளைங்கள அடிச்சிருக்கேன் தெரியுமா?" அவர் கையில் இருந்த புட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் சாரோங் மடிப்பில் சொருகினார். "இந்தக் கதை வெளியாள் யாருக்கும் தெரியக்கூடாது."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அங்கிள்."

"உன்னை எப்படி நம்புறது? நீயே வெளியாள்தான்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதனால நீ வெளியாளா இருக்கக்கூடாது. சீக்கிரம் ஒரு தேதி பாருங்க."

அக்கா அழுதுவிட்டார். ரீத்தா டாக்சியில் வந்து இறங்கியபோது, நனைந்த சாரோங்கில் தகப்பனும் விபூதிக் கோலத்தில் நானும் தோளோடு தோள் நின்றோம். என்ன ஆச்சு என்றாள். "ஒண்ணுமில்ல" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

அந்த ரகசியம் கல்யாண விருந்து வரைகூடத் தாங்கவில்லை. அக்கா சொல்லிவிட்டார். இப்போது கிறிஸ்துமஸ், தீபாவளி இரண்டுக்கும் இந்தக் கதை இல்லாமல் எங்கள் வீட்டில் இலை எடுப்பதில்லை. நான் குளியலறையில் இருந்தால் ரீத்தா மூன்று முறை தட்டி, "எடம் குடுங்க" என்பாள். நான் இன்றும் கோல்டு மெம்பர்தான். ஆனால் எந்த ஊரில் எந்தக் கிளைக்குப் போனாலும், குளிர்ந்த துண்டைக் கொடுத்த கையோடு, "சார், ரூம்ல எதுவும் கொளுத்த வேண்டாம்" என்று பணிவாகச் சொல்கிறார்கள். அவர்கள் கணினி அதை மட்டும் மறக்கவேயில்லை.

போன கிறிஸ்துமஸுக்கும் எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது, இப்போது மாமாவாகிவிட்ட அங்கிள் என் பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணு கேக்கணும் மாப்பிள்ளை. நடுக்கதவ தட்டினது நான்தான், ஒத்துக்கிறேன். ஆனா வசந்தா முதல்ல உங்க வாசக்கதவ தட்டினப்பவும் பதில் வந்துச்சுன்னு சொல்லுது. அது யாரு?"

"நீங்கதானே மாமா?"

"நான் அப்ப குளிச்சிக்கிட்டு இருந்தேன். தண்ணி சத்தத்துக்கு நடுவுல நீங்க தட்டினது கேட்டுச்சு. அதுக்குப் பதில் வந்ததும் கேட்டுச்சு. உங்க ரூம் உள்ளேருந்துதான்."

குழாயை மூடிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் இருவரும் கூடத்துக்குத் திரும்பினோம். ரீத்தாவிடம் சொல்லவில்லை. ஜனவரியில் மாமாவும் நாங்களும் ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் ஹோட்டலில் தங்கினோம். நடைபாதையின் நடுவில் இருந்த அறை, நான் கேட்டு வாங்கியது. போனை எடுத்துக் கதவைத் திறக்கப் போனேன். பேய் இல்லையென்று பிள்ளைகளை அடித்த என் மாமனார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தானே மூன்று முறை தட்டினார். பிறகு காதைக் கதவில் வைத்துக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.