சிமியோனின் வாயில் வராத இடம்

குருநகர் சிமியோனுக்குக் கனவு காண நித்திரை தேவையில்லை. வள்ளத்தில் இருந்து வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே களப்புத் தண்ணீர் பச்சைப் புல்லாகிவிடும். கரை முழுக்கச் சனம் நிற்கும். பதினாலு வயது மகன் டினேஸ் வலப்பக்கத்தால் பந்தைக் கொண்டு ஓடுவான். அடித்தால் அது கோலுக்குள் போகாது; மண்டைதீவுக்கு மேலாக மெல்ல மெல்ல மிதந்து போகும். அந்த நேரம் பார்த்து நண்டு விரலைக் கவ்வும். மனுசன் அதைக்கூட மத்தியஸ்தரின் விசில் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

அந்த டினேஸ் கொஞ்சக் காலமாகக் காலை இழுத்து நடந்தான். நோ கவட்டுக்குள், தொடையிடுக்கில். தாயிடம் சொல்ல வெட்கப்பட்டுத் தகப்பனிடம் முணுமுணுத்தான். சிமியோன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தினான்.

"றஜனி, இது ஆம்பிளையளின்ரை விசயம். டொக்டரிட்டைக் கொண்டுபோறது நான். நீ ஒண்டும் கேக்கக்கூடாது."

"ஓம், கேக்கேல்லை" என்றாள் மனைவி, மீன் முள்ளைப் பார்த்து எடுத்தபடி.

முதலில் டிஸ்பென்சரி. அங்கே இருந்ததோ மகள் வயதில் ஒரு பெண் டொக்டர். என்ன வருத்தம் என்று அந்தப் பிள்ளை கேட்டதும், புயலுக்குள்ளே வள்ளம் விட்ட சிமியோன் வெலவெலத்துப்போய் "முழங்கால்" என்றான். டினேசுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, முழங்காலைத் தடவிக் காட்டினான். பூசு மருந்து கிடைத்தது. அடுத்தது ஒடிமுறிவுப் பரியாரியார். அவர் ஆம்பிளைதான், ஆனால் மருந்துப் புக்கை கட்ட வந்த பொம்பிளையள் சுற்றி இருந்தார்கள். சிமியோன் துணிந்து தொடைவரை ஏறினான். தொடைக்குப் புக்கை கட்டினார். மூன்றாவது டொக்டரிடம் மேலேயிருந்து இறங்கிப் பார்ப்போமென்று வயிற்றில் தொடங்கி, வயிற்றிலேயே நின்றுவிட்டான். பூச்சிக் குளிசை தந்தார்கள். இப்படிக் கீழாலும் மேலாலும் வளைத்தானே தவிர, நோ இருந்த இடத்தை ஒருவருக்கும் காட்டவில்லை.

கடைசியில் அந்தோனியார் கோயிலுக்குப் போனான். நேர்த்திக்கு வாங்க வெள்ளியில் கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது. சிமியோனுக்கு வேண்டியது இல்லை. இருந்திருந்தாலும் வாய்விட்டுக் கேட்டிருப்பானா? ஒரு காலை வாங்கினான். அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா நின்றாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் பின்னேரத்துக்குள் பாசையூர் தாண்டிவிடும். ஆகவே, "மகன்ரை முழங்கால் சுகமாகவேணும்" என்று புனிதரிடமும் பொய் சொல்லிவிட்டு வந்தான்.

ஒரு மத்தியானம் கனவு மாறியது. பந்து மெதுவாக உருண்டு வந்தது. டினேஸ் நின்ற இடத்திலேயே நின்றான், கால் எழும்பவில்லை. கரையில் நின்ற சனம் ஒவ்வொருவராகக் கரைந்துபோனது. சிமியோன் நடுக்களப்பில் இருந்து அழுதான். தன்னுடைய வெட்கம் பிள்ளையின் காலைத் தின்றுவிடுமோ என்று பயந்தான்.

வீட்டுக்கு வந்தால், டினேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். றஜனி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"இஞ்சருங்கோ, நாரி நோகுது எண்டனீங்களல்லே. எலும்பு டொக்டருக்கு உங்கடை பேரிலை சனல் பண்ணி நம்பர் எடுத்திருக்கிறன். டினேசையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவம்."

முதுகின் அடியில், நாரி நொந்தது உண்மைதான். போனார்கள். காத்திருந்த இடத்தில் விசிறிக் காற்றுக்குச் சிமியோன் மறுபடி கனவில் மிதக்கத் தொடங்கியபோது பேரைக் கூப்பிட்டார்கள். டொக்டர் கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார். படுத்தான். டொக்டர் பதிவுத் துண்டைப் பார்த்துவிட்டு அவன் காலைத் தூக்கி மடித்தார்.

"கவட்டு நோ எத்தினை நாளாய்?"

சிமியோன் றஜனியைப் பார்த்தான். அவள் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டரின் கை சாரத்துக்குக் கிட்ட வந்தது.

"நில்லுங்கோ டொக்டர். கவட்டு நோ எனக்கில்லை. பெடியனுக்கு."

"அவனுக்குத்தான் டொக்டர்" என்றாள் றஜனி. "எந்த இடத்தைப் பொத்திக்கொண்டு நடக்கிறான் எண்டு எனக்குக் கண் தெரியாதே? இவர் கேக்கக்கூடாதெண்டவர். நான் கேக்கேல்லை."

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெடியனைப் படுக்கவைத்தார். அவனுடைய கால் உள்ளே திரும்பவில்லை. உடனே எக்ஸ்ரே. தொடையெலும்பின் தலை இடுப்பு மூட்டில் நழுவத் தொடங்கியிருந்தது. இனிக் கால் ஊன்றக்கூடாது, ஆணி பூட்டவேண்டும், இன்னும் பிந்தியிருந்தால் ஆயுளுக்கும் நொண்டியிருப்பான் என்றார். சிமியோன் றஜனியின் கையை இறுக்கிப் பிடித்தான். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஆணி பூட்டினார்கள். மாதங்கள் போய், டினேஸ் ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு நேராக நடந்தான்.

நன்றிப் பூசைக்குப் போனபோது சிமியோன் திரும்பவும் கனவில் இருந்தான். இரண்டு பக்கமும் சனம். மகனின் வருத்தத்தைக் கண்டுபிடித்த தகப்பன் நடுவே நடக்கிறான். கோயில் முற்றத்தில் லூர்த்தம்மா வழி மறித்தாள்.

"சிமியோன் அண்ணை, பெடியன்ரை முழங்கால் சுகமாம், சந்தோசம். உங்கடை கவட்டு நோ எப்பிடி?"

சிமியோன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"சனலுக்கு லூர்த்தம்மாவின்ரை போனிலைதான் எடுத்தனான், கவட்டு நோ உங்களுக்கெண்டு சொல்லி" என்றாள் றஜனி மெதுவாக. "அவன் நாலு பெடியளோடை விளையாடுற பிள்ளை. உங்களுக்கென்ன?"

கொஞ்சம் தள்ளி டினேஸ் கூட்டாளிமாரோடு சிரித்துக்கொண்டு நின்றான். சிமியோன் அவனைக் கண் நிறையப் பார்த்தான்.

"இப்ப சுகம், லூர்த்தம்மா" என்றான்.

அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பொம்பிளையளும் ஒரே குரலில் அந்தோனியாருக்குத் தோத்திரம் சொன்னார்கள்.