ஹார்ன் அண்ணனும் பால்க் விதியும்

பேஸ்பாலில் 'பால்க்' என்றொரு தவறு உண்டு. அதை விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கும் எல்லா வழிகளிலும், எழுதாத ஒரு வழியிலும் செய்து காட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் நான் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியின் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். அறந்தாங்கிப் பக்கம். பாஸ்போர்ட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு ஹார்ன் அண்ணன்.

குடோனில் திருப்பத்துக்குத் திருப்பம் ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவன் நான்தான்; தர நடைமுறைப் பிரிவில் எனக்கு அதற்குத்தான் சம்பளம். ஆளே இல்லாத குடோனிலும் இவர் அடிப்பார். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் நிறுத்தமாட்டார். தும்முவதற்கு முன் "தும்மப் போறேன்" என்பார். ஒருமுறை மெஸ் சமையல்காரரிடம் போய், "நாளைக்கு உங்க சாம்பாரப் பத்தி கம்ப்ளைன்ட் பண்ணப் போறேன். மனசத் தயார் பண்ணிக்குங்க" என்றார். மறுநாள் சாம்பார் அமிர்தமாக இருந்தது. அப்போதும் புகார் செய்தார். "சொன்னா செய்யணும்ல சார்?"

இப்படிப்பட்டவர் பேஸ்பாலுக்கு வந்து சேர்ந்தது மேனேஜரின் புண்ணியத்தில். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு காலி மனை. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஆட்களுக்கு அதில் கிரிக்கெட் ஆட வேண்டும். அதே காலையில் ஃபிலிப்பைன்ஸ்காரர்களுக்கு பேஸ்பால் ஆட வேண்டும். சண்டை முற்றியதும் மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். ஒரே ஒரு மேட்ச். ஜெயித்தவருக்குக் காலை, தோற்றவருக்கு மதியம். ராஸ் அல் கைமா மதிய வெயிலில் டைல்ஸைச் சூளையில் வைக்காமலே சுட்டு எடுத்துவிடலாம். எந்த ஆட்டம் என்று காசு சுண்டினார்கள். பேஸ்பால் விழுந்தது. நடுவராக என்னைப் போட்டார்கள். எழுதி வைத்த எதையும் கடைசி வரிவரை படிக்கிறவன் என்பது ஒரு காரணம். இரண்டு தரப்புக்கும் என்னைச் சமமாகப் பிடிக்காது என்பது இன்னொன்று.

எங்கள் கேப்டன் லோடிங் செக்‌ஷன் முருகேசன், பந்து எறிய ஹார்ன் அண்ணனைத் தேர்ந்தெடுத்தான். உடைந்த டைல்ஸ் துண்டை வீசி எட்டாத தூரத்து டிரம்மை அடிக்கிற கை அது. கையில் குறையே கிடையாது. விதியைத்தான் உள்ளே இறக்க முடியவில்லை.

"கவனிங்க" என்றேன், மேட்சுக்கு முன் நடந்த பயிற்சியில். "நாலு மூலையில நாலு பேஸ், சுத்தி வந்து ஹோம் பேஸைத் தொட்டா ஒரு ரன். முதல் பேஸ்ல அவங்க ஆள் நிக்கிறான். அடுத்த பேஸுக்கு ஓடறதுக்காகக் கொஞ்சம் கொஞ்சமா நகருவான். நீங்க அந்தப் பக்கம் எறிஞ்சு அவன அவுட் பண்ணலாம். ஆனா பேட்ஸ்மேனுக்கு எறிய ஆரம்பிச்சிட்டா எறிஞ்சே ஆகணும். பாதியில நிறுத்தினா அது பால்க். அவங்க ஆளுங்க இலவசமா ஒரு பேஸ் முன்னால போயிடுவாங்க."

"அவன் திருட்டுத்தனமா நகரலாம், நான் கைய நிறுத்தக் கூடாதா?"

"கூடாது."

"இது என்ன சார் நியாயம்?"

"நியாயம் இல்ல. விதி."

எறிபவர் கால் வைக்கும் பலகைக்குப் பதிலாகப் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றைப் பதித்திருந்தோம். அதில் ஏறி நின்றார். முதல் பேஸ் பக்கம் காலை வைக்காமல் இடுப்பை மட்டும் முறுக்கி எறிந்தார். பால்க். அடுத்த முறை காலை வைத்தார், எறியவில்லை. பால்க். "அவன்தான் திரும்ப பேஸுக்குள்ள போயிட்டானே சார், எதுக்கு வீணா எறியணும்?" கைகளைச் சேர்த்து ஒரு கணம் அசையாமல் நில்லுங்கள் என்றேன். நின்றார். மூக்கு அரித்தது. பந்து கீழே விழுந்தது. அதுவும் பால்க்.

எனக்குத் தலை சுற்றியது. "அந்த பெல்ட்டுக்குப் பின்னால கால எடுத்து வச்சு இறங்கிடுங்க. அப்புறம் நீங்க எறியறவரே இல்ல. என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதாவது, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு வண்டிய விட்டு இறங்கிட்டா நான் டிரைவர் இல்ல. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்?"

மேட்சில் நன்றாகவே ஆரம்பித்தார். கிளேஸ் லைன் சூப்பர்வைசர் ஜுன் முதல் பேஸிலிருந்து நகர்ந்தான். ஹார்ன் அண்ணன் முறையாகப் பின்னால் இறங்கினார். எறிவார் என்று பார்த்தால், விரலை உயர்த்தி, "மை ஃபிரண்ட், இன்சைட். ஃபர்ஸ்ட் வார்னிங்" என்றார். நம் ஊர் கிரிக்கெட்டில் எதிர்முனை பேட்ஸ்மேன் கோட்டைத் தாண்டினால், பந்து வீச வருகிறவர் நின்று ஒருமுறை சொல்லிவிட்டு, அதன் பிறகுதானே ஸ்டம்பைத் தட்டுவார்? அந்த மரியாதை. ஜுன் சிரித்தான், மறுபடி நகர்ந்தான், அவுட்டானான். முருகேசன் துள்ளிக் குதித்தான்.

கடைசிச் சுற்று. ஸ்கோர் சமம். அவர்கள் பேட்டிங். அதே ஜுன் இப்போது மூன்றாவது பேஸில். அவன் ஒரு பேஸ் நகர்ந்தால் அவர்களுக்கு வெற்றி, எங்களுக்கு மதிய வெயில். ஹார்ன் அண்ணன் பெல்ட்டில் நின்று கையைத் தூக்கினார், காலைத் தூக்கினார், பந்து விரல் நுனிக்கு வந்தது. ஜுன் நகர்ந்தான். அவ்வளவுதான், அப்படியே ஒற்றைக் காலில் உறைந்து நின்று, "மை ஃபிரண்ட், இன்சைட்!" என்றார்.

"பால்க்! பால்க்!" என்று எதிர்ப்பக்கம் அலறியது. நான் கையைத் தூக்கினேன். வேறென்ன செய்வது? ஜுன் நிதானமாக நடந்து ஹோம் பேஸை மிதித்துவிட்டு, நேராக வந்து அவர் கையைக் குலுக்கினான். "தேங்க் யூ, பிரதர்."

"வெல்கம்" என்றார் இவர்.

"கலாஸ்! எல்லாம் போச்சு!" முருகேசன் தொப்பியை மண்ணில் அடித்தான். "யோவ் அண்ணே, அவனுக்குத்தான் ஏற்கெனவே வார்னிங் குடுத்தாச்சே!"

"அது முதல் பேஸுக்குக் குடுத்ததுடா. இது மூணாவது பேஸ்." பிறகு என் பக்கம் திரும்பினார். "திருப்பத்துக்குத் திருப்பம் ஹார்ன் அடிக்கணும்னு நீங்கதானே சார் எழுதினீங்க?"

என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய நடைமுறைகளைப் பலர் மீறியிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் ஒருவர் பின்பற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மதியத்தில் ஆடினார்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு முறை ஹார்ன் அண்ணனைத் திட்டினார்கள். அவர் ஒவ்வொரு பந்தையும் "போடப் போறேன்" என்று சொல்லிவிட்டே போட்டார்.

இப்போது ஓய்வு பெற்றுத் திருச்சியில் இருக்கிறேன். பொழுது போகாதபோது கைப்பேசியில் பேஸ்பால் பார்க்கிறேன். எறிபவன் சட்டென்று திரும்பி, கண்மூடித் திறப்பதற்குள் முதல் பேஸ்காரனை அவுட்டாக்குகிறான். காலை வைத்த விதம், உடம்பு திரும்பிய விதம், எல்லாம் விதிப்படி சுத்தம். ஆனாலும், பாவம், அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது.