பதினாறு நாள் பங்காளி

“சம்பந்தி, முதல் பத்திரிகைய உங்க குலதெய்வத்துக்கிட்ட வச்சிட்டீங்களா? எந்த சாமின்னு சொன்னீங்க?”

போனில் கேட்டவர் சேத்துப்பட்டு ஸ்வர்ணலதா, மாப்பிள்ளை ஆகாஷின் அம்மா. பெண்ணின் அப்பா மணவாளன் எந்த சாமி என்றும் அவரிடம் சொன்னதில்லை. சொல்வதற்கு இவரிடம் சாமியே இல்லை.

“நாளைக்கு வைக்கறோங்க” என்று சொல்லி போனை வைத்தார்.

ஆரணியில் ஜரிகைக் கடை வைத்திருக்கும் மணவாளனுக்குத் தாத்தாவின் பெயர் சின்னதுரை என்பது வரைக்கும் தெரியும். அவர் எந்த ஊரிலிருந்து ஆரணிக்கு வந்தார், எந்த சாமியை விட்டுவிட்டு வந்தார் என்பதெல்லாம் தெரியாது. அப்பாவும் கேட்டு வைக்கவில்லை.

“ஏதாச்சும் ஒரு அம்மன் பேரச் சொல்லிட்டா என்ன?” என்றாள் மனைவி கலைமகள். “கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் கீது.”

“சாமி விஷயத்துல பொய் சொல்லக் கூடாதும்மா.”

தாத்தா ஆரணியில் வீடு வாங்கிய வருடம் 1956. மணவாளன் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, நான்கு நாள் நடந்து, அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலை வாங்கினார். ‘போளூர் தாலுகா நொச்சிமேடு கிராமம் ரங்கசாமி குமாரர் சின்னதுரை’ என்று அதில் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஒரு கொள்ளுத்தாத்தாவும் ஒரு சொந்த ஊரும் கிடைத்தன.

நொச்சிமேடு இப்போது சேத்துப்பட்டுத் தாலுகாவில் இருக்கிறது. அங்கே ரங்கசாமி என்ற பெயரைக் கேட்டு யாரும் தலையாட்டவில்லை. ஊரிலேயே வயதானவர் என்று பச்சையப்பன் வீட்டைக் காட்டினார்கள். மணவாளன் வெயிலில் நின்றபடியே நகலை நீட்டி விஷயத்தைச் சொன்னார்.

“குலதெய்வம் தெரியாமயா பொண்ணுக்குக் கல்யாணம் பண்ற?”

“அதாங்க ஒரே பேஜாரா கீது.”

எண்பத்தெட்டு வயதுப் பெரியவர் நகலைப் பார்க்கவில்லை, மணவாளனின் முகத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அட, சின்னதுரை பேரனா நீ? நம்ம பங்காளிடா! முத்தாலம்மன்தான் நமக்கு சாமி. பூங்காவனம், மோர் கொண்டாம்மா!”

அவருடைய மகள் பூங்காவனம் மோர் கொண்டுவந்தாள். மணவாளன் முத்தாலம்மன் கோயிலில் பத்திரிகையை வைத்தார். பங்காளியின் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். ஊரார் நான்கு பேருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பச்சையப்பன் காலமானார்.

பங்காளி வீட்டில் சாவு என்றால் தீட்டு. தீட்டில் கல்யாணம் நடக்காது.

“போகாதீங்க. நமக்குச் சேதியே வரலன்னு இருந்துடலாம்” என்றாள் கலைமகள்.

“மாலைகூட அனுப்பாம இருந்தா மனுஷனா நானு?”

அனுப்பினார். ஆளுயர மாலை, ‘ஆரணி மணவாளன் குடும்பத்தார்’ என்று பேப்பரில் எழுதி ஒட்டியது. ஊரார் நெகிழ்ந்துபோனார்கள். கண்ணீர் அஞ்சலி பேனரில் மணவாளனின் படத்தையும் சேர்த்து, அதைச் சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் கட்டினார்கள்.

மறுநாள் காலை ஸ்வர்ணலதா கூப்பிட்டார்.

“சம்பந்தி, பஸ் ஸ்டாண்டுல உங்க படம் போட்டு கண்ணீர் அஞ்சலி வச்சிருக்காங்க. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?”

“நல்லா கீறேங்க.”

“கீழ பங்காளின்னு போட்டு கீது. அப்ப தீட்டாச்சேங்க?”

“ரொம்ப தூரத்துப் பங்காளிங்க. மூணு நாள்ல போயிடும்” என்று மணவாளன் அந்த நிமிடத்தில் தோன்றியதைச் சொன்னார்.

“எவ்ளோ தூரம்னு எங்க வீட்ல கேப்பாங்களே. எழுத்துல ஏதாச்சும் இருந்தா காட்டுங்க. நானும் கூட வரேன்.”

இருவரும் நொச்சிமேடு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனார்கள். அலுவலர் பழைய நிலப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். ஓரம் செல்லரித்த பக்கத்தில் ரங்கசாமி இருந்தார். அவருக்குக் கீழே, ‘மக்கள்: சின்னதுரை, பழனி’.

ஸ்வர்ணலதா போனைத் திறந்து பேனர் படத்தைப் பெரிதாக்கினார். ‘ப. பச்சையப்பன்’ என்று இருந்தது.

“‘ப’ன்னா பழனிதானுங்க. உங்க தாத்தாவும் அவரோட அப்பாவும் கூடப் பொறந்தவங்க. பெரியவரு உங்களுக்கு சித்தப்பா முறை ஆவறாரு.” குரலில் வருத்தம் இருந்தது. “பதினாறு நாளுங்க சம்பந்தி.”

மணவாளன் பதிவேட்டை இன்னொரு முறை பார்த்தார். அவரே தேடிப் போய் எடுத்த ஆதாரம். மறுக்க வழியில்லை.

கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. மண்டபம் கைவிட்டுப் போனது. பத்திரிகை வாங்கியவர்களுக்கெல்லாம் கலைமகள் ஒவ்வொருவராக போன் செய்தாள். மகள் பவித்ரா “சரிப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மணவாளன் அன்று முழுக்க சாப்பிடவில்லை.

பெரியவருக்கு மகன் இல்லை. சித்தப்பா என்று ஆன பிறகு செய்வதைச் சரியாகச் செய்துவிடுவது என்று மணவாளன் முடிவு செய்தார். பதினாறாம் நாள் காலையில் நொச்சிமேடு ஏரிக்கரையில் உட்கார்ந்து முப்பது வருட மீசையையும் தலைமுடியையும் எடுத்துவிட்டு, ஈரத் துண்டோடு பெரியவர் வீட்டுக்கு வந்தார்.

பூங்காவனத்துக்கு முதலில் ஆளே தெரியவில்லை.

“அண்ணே! நீங்க எதுக்கு மொட்ட போட்டுகினீங்க?”

“சித்தப்பாவாச்சேம்மா. உங்க தாத்தா பழனி எங்க தாத்தாவோட கூடப் பொறந்தவராச்சே. கல்யாணத்தக்கூட தைக்குத் தள்ளி வச்சிட்டோம்.”

பூங்காவனம் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

“ஐயோ அண்ணே, எங்க தாத்தா பேரு பழனியே இல்ல. அன்னைக்கு நீங்க பஸ் ஏறினதுமே அப்பா சொன்னாரே, ‘யாரு பெத்த புள்ளையோ தெரியல, பொண்ணு கல்யாணத்த வச்சிகினு சாமி இல்லாம நிக்கறானேன்னு நம்ம சாமியக் குடுத்து அனுப்பிட்டேம்மா’ன்னு!”